நீங்கள் திட்டியதற்கு நன்றி, மாமா

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு, உங்கள் தங்கை மகள் வணங்கி எழுதுவது.

மேசைமேல் வைத்திருந்த போன் தானாக நகர்வதைத்தான் நான் முதலில் பார்த்தேன். கண்ணாடி போட்ட மேசை. பிரின்சிபால் மேடம் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு போனை நடுவில் வைத்தார். நீங்கள் "யாரு?" என்றதுமே அது ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. "காலேஜா?" என்றதும் ஒரு விரற்கடை நகர்ந்தது. அதற்குப் பிறகு நீங்கள் பேசப் பேச, அது ஊர்ந்து ஊர்ந்து ஆபீஸ் சூப்பரிண்டெண்ட் சாருடைய டீ கிளாஸ் வரைக்கும் போய்விட்டது. அவர் கிளாஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று அம்மா சொல்லித் தந்திருக்கிறாள். மறந்துவிட்டேன், மன்னியுங்கள். நாங்கள் இருவரும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் நலத்தைத் தனியாகக் கேட்கவில்லை. பட்டறையில் லேத் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் குரல் அதற்கு மேலே கேட்டதால், உங்கள் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் ஒரு குறையும் இல்லை என்று அங்கே விசாரிக்க உட்கார்ந்திருந்த காலேஜ் கமிட்டியே தெரிந்துகொண்டது.

மாமா, அன்றைக்கு நீங்கள் காலேஜ் ஆபீஸோடு மட்டும்தான் பேசியதாக நினைத்திருப்பீர்கள். அந்த அறையில் நானும் இருந்தேன், அம்மாவும் இருந்தாள். பதறாதீர்கள். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம், உங்களுக்கு வேறு ஒரு சிரமமும் கொடுப்பதற்கு இல்லை. எதற்கு நன்றி என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நேரில் என்றால் நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு வார்த்தையும் சொல்லியிருக்க மாட்டேன். கடிதத்தில் கதவு இல்லாதது வசதியாக இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டது உங்களுக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. பேர் கூப்பிடும்போது நான் சொல்லும் "உள்ளேன்" என் பல்லைத் தாண்டி வெளியே வராது. டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார். இப்படியே தினமும் போய் தினமும் வராதவள் ஆனேன். கடைசியில் வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். நான் வந்தேன் என்று எழுந்து சொல்ல வேண்டும், அதைச் சொல்லவும் அதே குரல்தானே வேண்டும். அம்மா போய்ச் சண்டை போட்டாள். சண்டை முடிந்தபோது மொத்தப் பள்ளிக்கூடமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அதோடு நான் போகவில்லை.

அப்போது அம்மா காலேஜ் கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு எங்களை விட்டுப் போன அந்த வருஷத்தில் சேர்ந்த வேலை. அவள் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் ஊழியர் சலுகைகள் என்று ஒரு தாள் எண்ணெய்ப் புகை படிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஊழியரைச் சார்ந்து வாழும் குடும்பத்தினர் இதே காலேஜில் படித்தால் பாதிக் கட்டணம் என்று அதில் ஒரு வரி. வெங்காயம் நறுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய அந்த வரியையே வருஷக்கணக்காகப் படித்தாள். என்னைச் சேர்ப்பதற்காகத்தான். நான் பள்ளியை விட்டதும், சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பி நின்று நறுக்கினாளாம், சமையல் மாஸ்டர் சொன்னார். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் உட்கார்ந்தாள்.

"பிள்ளைகள்னு போடல, பாத்தியா. குடும்பத்தினர்னுதான் போட்டிருக்கு. நீ வேலைக்குப் போ. நான் படிக்கப் போறேன்."

ஊழியரே மாணவராகச் சேர முடியாது, வேலை நேரத்தில்தான் வகுப்பு. ஆகவே அவள் வேலையை விட வேண்டும், அந்த வேலை எனக்கு வர வேண்டும், அவள் என்னைச் சார்ந்து வாழ வேண்டும். கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே பள்ளிப் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்து வைத்திருந்தவள். பரீட்சைக்குப் போன எல்லா நாளும் நீங்கள்தான் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனதாகவும், மழையில் ஒருநாள் குடையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் நனைந்ததாகவும் இப்போதும் சொல்வாள். திட்டிக்கொண்டேதான் சொல்வாள். எனக்குப் பதினெட்டு முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, தன் ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டு, அவள் முன்வாசல் வழியாக மருந்தாளுநர் படிப்புக்குப் போனாள். நான் பின்வாசல் வழியாக கேன்டீனுக்குப் போனேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் நீங்கள் வந்து, நாற்பது வயதில் என்ன படிப்பு என்று சத்தம் போட்டுவிட்டு, ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் போனீர்கள். அந்த டீயை நான் குடித்துவிட்டேன், வீணாகவில்லை.

எனக்கும் காய் நறுக்கும் வேலைதான் தரப் பார்த்தார்கள். அங்கே நின்றால் போகிறவர் வருகிறவரிடம் பேச வேண்டும். பாத்திரம் கழுவுகிறேன் என்று கையைக் காட்டினேன். கழுவும் இடத்துக்கும் சாப்பிடும் ஹாலுக்கும் நடுவே சுவரில் ஒரு சதுர ஓட்டை. அது வழியாகத் தட்டு வரும், தட்டோடு கை வரும், முகம் வராது. எனக்கென்றே கட்டிய மாதிரி இருந்தது மாமா. கையை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வேன். நகம் கடித்த கை, மை படிந்த கை, சூப்பை அப்படியே மிச்சம் வைத்துவிட்டு வெட்கமில்லாமல் நீளுகிற கை. மத்தியானத்தில் வெங்காய வாசனை இன்னும் போகாத ஒரு கை வரும். தட்டு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருக்கும். ஸ்பூனால் ஓட்டையின் விளிம்பில் ஒரு தரம் தட்டும். நானும் உள்ளே இருந்து ஒரு தரம் தட்டுவேன். வேலை நேரத்தில் மாணவர்களோடு பேசக் கூடாது என்பது கேன்டீன் விதி, ஆகவே எங்கள் குடும்பப் பேச்சு அவ்வளவுதான்.

இதில் ஒரு சங்கடம் நாங்கள் யோசிக்காதது. யாருடைய வேலையால் சலுகை கிடைக்கிறதோ அவர்தான் மாணவருக்குக் கார்டியன் என்பது காலேஜ் வழக்கம். அதனால் அம்மா செய்த குற்றத்துக்கெல்லாம் கூப்பிடுவது என்னை. வகுப்பில் பின் பெஞ்சுப் பையன்களை நிமிர்ந்து உட்காரச் சொல்லி அதட்டினாள் என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள். பாடம் நடத்துகிறவர் காலையில் சாப்பிடவில்லை போலிருக்கிறது என்று வகுப்பு நடுவில் எழுந்து போய் அவருக்கு ரொட்டி வாங்கி வந்தாள் என்று இன்னொரு தடவை. பெரிய வழக்கு சிரப் வழக்குதான். மருந்து தயாரிக்கும் வகுப்பில் சிரப் காய்ச்சச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா கண்ணாடிக் குச்சியால் ஒரு கிண்டு கிண்டி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, பதம் வந்துவிட்டது, அடுப்பிலிருந்து இறக்கலாம் என்று ஆசிரியருக்கே உத்தரவு போட்டிருக்கிறாள். கேன்டீனில் கை அப்படிப் பழகிவிட்டது, அவள் என்ன செய்வாள். லேபில் இருப்பதை வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து என்று ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். "இதெல்லாம் வீட்ல சொல்லி வளர்க்க மாட்டீங்களா?" என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்து நின்றேன். பக்கத்தில் அம்மாவும் தலை குனிந்து நின்றாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் முன்னால் நடந்தேன். அம்மாதான் தானாக, "இனிமே நக்க மாட்டேன்" என்றாள்.

பெற்றோர் கூட்டத்துக்கும் போனேன். ஈர ஏப்ரனோடு போனதால், நாற்காலிகளை எடுத்துப் போட வந்தவள் என்று நினைத்து ஒருவர் எழுந்து வழிவிட்டார். வகுப்பாசிரியை மார்க்கைச் சொல்லிவிட்டு, நன்றாகப் படிக்கிறார்கள், பேச்சைக் குறைத்தால் இன்னும் நன்றாக வருவார்கள் என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு மாணவனின் அப்பா தன் பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னைப் பொறாமையோடு பார்த்தார். எனக்குக் கர்வமாகிவிட்டது. பழக்கமில்லாததால் என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது சூப்பரிண்டெண்ட் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் முடிச்சைப் பார்த்தால் அவிழ்க்காமல் விடமாட்டார். சேர்க்கை விண்ணப்பத்தில் கார்டியனுக்குப் பதினெட்டு வயது, கார்டியனைச் சார்ந்திருப்பவருக்கு நாற்பது வயது என்பதைப் பார்த்துவிட்டார். தாய் பிள்ளைக்குச் சோறு போடுவாளா, பிள்ளை தாய்க்குச் சோறு போடுமா, இதில் ஏதோ தகிடுதத்தம் இருக்கிறது என்று கமிட்டிக்கு எழுதிவிட்டார். அம்மா உண்மையிலேயே என் சம்பாத்தியத்தில் வாழ்கிறாள் என்று தெரிந்தால் சலுகை இருக்கும். இல்லையென்றால் முழுக் கட்டணம். முழுக் கட்டணம் என்றால் அம்மா அன்றைக்கே படிப்பை விட வேண்டியதுதான், இறுதி வருஷத்தில். ஊரில் யாரிடம் கேட்டாலும் எங்களிடம் அதற்கு வழியில்லை என்று சொல்வார்கள். ஆனால் கமிட்டி ஊரில் போய்க் கேட்காது, எங்களைத்தான் கேட்கும்.

கமிட்டியில் பிரின்சிபால் மேடம், சூப்பரிண்டெண்ட், சிரப் ஆசிரியர் மூவரும் இருந்தார்கள். அம்மா சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், என் மகள் சம்பளத்தில்தான் நான் வாழ்கிறேன். முந்தின நாள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒத்திகை பார்த்தோம், நன்றாகவே சொன்னாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் பிரின்சிபால் மேடம், வீட்டுச் செலவெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று அன்பாகத்தான் கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள்.

"நான் யாரையும் நம்பி இல்ல மேடம். என் கால்ல நிக்கிறேன்."

வீட்டு ஓனர், மளிகைக் கடைக்காரர், நீங்கள், எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய், மாமா. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், அது கெடுவதை அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சூப்பரிண்டெண்ட் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். பிரின்சிபால் மேடம் என் பக்கம் திரும்பி, நீயாவது சொல்லம்மா என்றார். சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக நின்றது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கேன்டீனில் கேட்டுப் பார்க்கலாமே என்றார் சிரப் ஆசிரியர். கேன்டீனுக்குச் சம்பளம்தான் தெரியும், வீடு தெரியாது என்றார் சூப்பரிண்டெண்ட். வீட்டு நிலவரம் தெரிந்த சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று மேடம் கேட்டார். யாரும் இல்லை என்றாள் அம்மா. நான் மேசையில் கிடந்த துண்டுத் தாளில் உங்கள் நம்பரை எழுதி மேடம் பக்கம் நகர்த்தினேன்.

மேசைக்கு அடியில் அம்மா என்னை மிதித்த மிதியில் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. ஏன் எழுதினேன் என்றால், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். சின்ன வயதில், எங்கேயாவது தொலைந்துபோனால் இதை யாரிடமாவது சொல்லு, மாமா வந்து கூட்டிப்போவார் என்று அம்மாதான் சொல்லிக் கொடுத்தாள். நாங்கள் தொலைந்துபோகிற மாதிரிதான் இருந்தது, அதனால் எழுதினேன்.

நீங்கள் பேசியது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். ஆனால் பட்டறைச் சத்தத்தில் இருந்ததால் எங்கள் பக்கம் எப்படிக் கேட்டது என்று தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன். உங்கள் தங்கை எப்படி வாழ்கிறார் என்று மேடம் கேட்டார்.

"எப்படி வாழறாளா? அந்தச் சின்னப் பொண்ணு எச்சில் தட்டு கழுவுது. அது கொண்டுவந்து போடுது, இவ உக்காந்து தின்னுட்டு புஸ்தகத்த விரிச்சு வெச்சிருக்கா. கேக்கவே நாராசமா இல்ல?"

அவருக்கு வேறு வருமானம் உண்டா என்றார் மேடம்.

"சல்லிக்காசு கிடையாது."

நீங்கள் ஏதாவது உதவி செய்கிறீர்களா என்றார்.

"நானா? ஒரு பைசா குடுத்ததில்ல. குடுத்தாலும் வாங்க மாட்டா, திமிர் புடிச்சவ. மகள் சோத்த திங்கிறதுக்கு மட்டும் அவளுக்கு ரோஷம் வரல. நீங்க முதல்ல அவள வீட்டுக்கு அனுப்புங்க."

நீங்கள் சொல்லச் சொல்ல சூப்பரிண்டெண்ட் எழுதிக்கொண்டே போனார். அவருடைய முகம் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் நீண்டுகொண்டே போனது. 'தின்னுட்டு' என்ற இடத்தில் அம்மா எழுந்துவிட்டாள், நான் அவளுடைய லேப் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். மேடம் ரொம்ப நன்றி சார், பெரிய உதவி என்று சொல்லி போனை வைக்கப்போனார். அப்போது நீங்கள் சத்தத்தைக் குறைத்தீர்கள்.

"அந்தப் பொண்ணு ஒழுங்கா சாப்பிடுதா, பாருங்க. பசிச்சாலும் வாயத் திறந்து கேக்காது அது. இவளும் அப்படித்தான். ரெண்டும் ஒரே மாதிரி."

போன் நகரவில்லை. சிரப் ஆசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மேடம், உடன்பிறந்த அண்ணனே சொல்கிறார், வேறு என்ன வேண்டும், சலுகை தொடரட்டும் என்றார். தயவுதாட்சண்யம் இல்லாத சாட்சிதான் என்று சூப்பரிண்டெண்டும் ஒத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அம்மா தண்ணீர் பிடிக்கிற குழாய்க்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், பார்த்தால் சிரிக்கிறாள். சிரித்து முடித்ததும் அழுதாள். "அண்ணன் எனக்காகப் பரிஞ்சு பேசியிருந்தா ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க. என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டான் பாரு, மொத்தப் பேரும் நம்பிட்டாங்க" என்றாள். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்பது உண்மைதான், மாமா. நீங்கள் நல்லவராக நடந்துகொள்ள ஆசைப்பட்டு, அப்படியெல்லாம் இல்லை, நானும் அப்பப்போ பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால் போதும், அம்மா மறுபடியும் வெங்காயத்துக்குப் போயிருப்பாள். உங்கள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தைகூடத் தவறி விழவில்லை. அதற்குத்தான் நன்றி. நான் சாப்பிடுகிறேனா என்று கேட்டதற்குத் தனியாக நன்றி. சாப்பிடுகிறேன். மாஸ்டர் சூப்பை அடியிலிருந்து கலக்கி, கெட்டியாக ஊற்றித் தருகிறார்.

அத்தைக்கு என் வணக்கம், பட்டறையில் எல்லாருக்கும் என் அன்பு. பெரியவர்கள்தான் சின்னவர்களை வாழ்த்த வேண்டும். ஆனால் கார்டியனாகிவிட்ட உரிமையில் நானே உங்களை வாழ்த்துகிறேன். மெஷின்கள் பழுதில்லாமல் ஓடட்டும், வேலை நிறைய வரட்டும், உங்கள் குரல் என்றைக்கும் இதே வலுவோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகளும் தங்கையின் கார்டியனுமான நான்.

பின்குறிப்பு: சலுகை தொடரும் என்று எழுதினேன் அல்லவா, அதில் பாதியைத்தான் எழுதினேன். போனில் பேசியது மட்டும் போதாது, பேசியவர் நேரில் வந்து கமிட்டி முன்னால் அதையே சொல்ல வேண்டும், அதுவரைக்கும்தான் அம்மா வகுப்பில் உட்காரலாம் என்று சூப்பரிண்டெண்ட் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார். உங்களுக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அண்ணன் காலில் விழுவதைவிடப் படிப்பை விட்டுவிடுகிறேன் என்கிறாள், நிஜமாகவே விட்டுவிடுவாள். ஆகவே சிரமம் கொடுக்க மாட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே கோபத்தோடு வாருங்கள் மாமா, வழியில் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அவளை நேரில் பார்த்ததும் மனசு மாறி, இல்லை, என் தங்கை தன் காலில் நிற்கிறவள் என்று சொல்லிவிட்டால் சலுகை போய்விடும். போனாலும் பரவாயில்லை. அந்த ஒரு வார்த்தையை உங்கள் வாயால் கேட்க அவள் ரொம்ப வருஷமாகக் காத்திருக்கிறாள், கட்டணத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்கிறோம். இன்று வேலை முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் போனேன். உங்களுக்கு ஜன்னலோரமாக ஒரு டிக்கெட் எடுத்து இதனுடன் வைத்திருக்கிறேன். வருவதற்கு மட்டும்தான் எடுத்தேன்.